ஐம்பத்தைந்தே நிமிஷம்

சர்வேயருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. மகள் பிறந்தபோது எங்கோ காட்டில் நிலம் அளந்துகொண்டிருந்தார். பிள்ளை முகத்தைப் பார்த்ததே பதினோராம் நாள்தான். இருபத்தாறு வருஷமாக மனைவி அதைச் சொல்லிக் காட்டாத மாதமில்லை. அதனால், பேத்தி பிறந்துவிட்டாள் என்று காலை ஆறரைக்கு மருமகன் போன் செய்ததும், நம் இருவரில் முதலில் தூக்குவது நான்தான் என்று மனுஷன் ஒற்றைக் காலில் நின்றார்.

வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்தார்.

"விமான நிலையத்துலேர்ந்து விமான நிலையம் முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். நேர்கோடு! ஐம்பத்தஞ்சே நிமிஷம். பதினொன்றரைக்குக் கிளம்பினா, பன்னெண்டு இருபத்தஞ்சுக்குப் பேத்தி என் கையில. உனக்கும் டிக்கெட் போடவா?"

"நீங்க பறங்க," என்றாள் மனைவி, செருப்பை மாட்டியபடி. "ஏழரை பஸ் தெருமுனையில ஏத்தி ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிடும்."

"ஏழு மணி நேரம்! வளைஞ்சு வளைஞ்சு! நீ வர்றதுக்குள்ள அவ தவழ ஆரம்பிச்சுடுவா."

"சரி, முதல்ல தூக்குறது நீங்கதான். போதுமா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

கணக்கில் பிசகே இல்லை. விமானம் வானத்தில் இருந்தது சரியாக ஐம்பத்தைந்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் அவர் வீடும் விமான நிலையத்தில் இல்லை, ஆஸ்பத்திரியும் விமான நிலையத்தில் இல்லை. முப்பது வருஷம் அளவெடுத்த ஆளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

போகவே டாக்ஸியில் ஒன்றேகால் மணி நேரம், அதுவும் எதிர்த்திசையில். சோதனையில், எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் இரும்பு அளவு நாடாவைப் பையிலிருந்து எடுத்து, "இது எதுக்கு சார்?" என்று நாலு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். "பேத்தி எவ்வளவு நீளம்னு பார்க்க" என்ற பதில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. இறங்கிய பிறகு பெட்டி வர முக்கால் மணி நேரம். வெளியே வந்தால் சாலையோரப் பலகை: நகரம் 68 கி.மீ. அடப்பாவிகளா, ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியேயா கட்டுவீர்கள் என்று வாய்விட்டே கத்தினார்.

பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. மணி இரண்டரை ஆனது. பஸ் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தத் தடவையும் கோட்டை விட்டாச்சு என்று நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து அறைக்குள் நுழைந்தார். மனைவி தொட்டிலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கப்பா," என்றாள் மகள், கட்டிலில் படுத்தபடி. "ஒன்றரை மணி நேரமா இதே கோலம். அம்மாவுக்கு ஏதாவது பிரச்சினையான்னு நர்ஸ் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க."

"நீ இன்னும் பார்க்கலையா?" சர்வேயர் பெட்டியைக் கீழே போட்டார்.

"முதல்ல தூக்குறது நீங்கதான்னு சொன்னேனே. முகத்தைப் பார்த்துட்டா கை சும்மா இருக்குமா?" மனைவி அப்போதும் திரும்பவில்லை. "கழுத்து வலிக்குது. தொட்டில் பத்தடி தூரம். நடந்தே வந்துடுவீங்களா, இல்ல இதுக்கும் டிக்கெட் போடணுமா?"