ஆளில்லாத வீட்டில் ஓடும் ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் கணக்கெடுக்க சர்க்கார் ஜீப்பில் வந்த பெண் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது, நாலு என்றேன். சர்க்கார் ஆள் யார் வந்து கேட்டாலும் ரேஷன் கார்டில் இருப்பதைத்தான் எங்கள் தெருவில் சொல்வோம். என் கார்டில் நாலு பெயர் இருந்தது. நான், என் மனைவி வளர்மதி, மகள் தீபலட்சுமி, மகன் தமிழ்வாணன். வளர்மதி இறந்தாள், மகளைக் கட்டிக்கொடுத்தேன், மகன் வேலைக்குப் போனான். பெயரை எடுக்கச் சொல்லி எந்த ஆபீசுக்கும் நான் போகவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் எழில். மகன் தன் வீட்டுக்குப் புதுசு வாங்கியபோது எனக்கு அனுப்பிய பழைய ஃபிரிட்ஜை அவள் சுற்றிப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கி, நடுவில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினாள்.

"இது எவ்ளோ கரண்டு இழுக்குதுன்னு இந்தப் பெட்டி குறிச்சுக்கும் ஐயா. இவ்ளோவுக்கு மேல இழுக்கற ஃபிரிட்ஜை நம்ம ஸ்டேட்ல விக்கக் கூடாதுன்னு ஒரு அளவு வைக்கப் போறாங்க. கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பற ஸ்டிக்கரை மட்டும் நம்பி வைக்க முடியாதில்ல. வீடுங்கள்ல நெஜமா எப்படி ஓடுதுன்னு பாக்கணும்."

"அப்ப என் வூட்டு கணக்கும் அதுல ஏறுமா?"

"கண்டிப்பா ஏறும் ஐயா."

எனக்கு அது பிடித்திருந்தது. ரைஸ் மில்லில் இத்தனை வருஷம் நான் தூக்கிய மூட்டை எல்லாம் மேஸ்திரி பெயரில்தான் ஏறியது.

அடுத்த மாதம் அவள் வந்தாள். பெட்டியில் இருந்த கணக்கைப் போனில் இறக்கிப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"இன்னாமா, ரொம்ப இழுக்குதா?"

"இழுக்கவே இல்லை ஐயா. காலையில நின்னா சாயங்காலம்தான் ஓடுது. தினமும் இப்படித்தான். இங்க அவ்ளோ நேரமா கரண்ட் கட்?"

"கட்டெல்லாம் இல்ல. நான்தான் மில்லுக்குப் போறப்ப மெயினை நிறுத்திட்டுப் போவேன்."

தவிட்டுத் தூசியில் நெருப்புப் பிடிக்கும் என்பதால், மில்லில் கடைசியாக வெளியே வருகிறவன் மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். கை அப்படிப் பழகிவிட்டது. எந்தப் பூட்டைத் தொட்டாலும் முதலில் மெயினுக்குத்தான் போகும்.

"வூட்ல ஆளே இல்லாதப்ப அது யாருக்குமா ஓடணும்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மத்த மூணு பேர் ஐயா?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. "சம்சாரம் செத்துப் பூட்டா. பொண்ணு செய்யாறுல கீது. பையன் ஒரகடம் கம்பெனில கீறான்."

போனில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. "நாலு பேர் இருக்கற வீடுன்னுதான் இதை எடுத்தோம்."

"அப்ப என் வூட்ட கணக்குலேர்ந்து அடிச்சிடுவீங்களா?"

அவள் போனைப் பையில் போட்டாள். "தனியா இருக்கறவங்களும்தான் ஃபிரிட்ஜ் வெச்சிருக்காங்க. நான் ஆபீஸ்ல கேக்கறேன். ஆனா நீங்க நிறுத்தக் கூடாது ஐயா. அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் ஓடட்டும்."

ஜீப் போனதும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, ஜீப்பெல்லாம் வருது. கரண்டு திருடினியா?"

"ஏன் கரண்டே இழுக்கலன்னுதான் கேட்டுட்டுப் போவுது. ஓட்ட சொல்லுது."

"ஓட்டி? உள்ள இன்னா வெச்சிருக்க, அந்த தண்ணி பாட்டில் ஒண்ணுதான?"

மறுநாள் மெயினைத் தொடாமல் போனேன். சாயங்காலம் திரும்பிப் பூட்டில் சாவியைப் போட்டபோது உள்ளே சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பாமல் நின்றுவிட்டேன். உர்ரென்று சீராக, யாரோ சமையலறையில் வேலையாக இருப்பதைப் போல. பிறகு ஒரு உதறலோடு நின்றது. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

அதற்கப்புறம் தினமும் பூட்டைத் திறக்கும் முன் கொஞ்சம் காது கொடுப்பேன். சத்தம் வராத நாளில், மறுபடி ஓடட்டும் என்று வாசலிலேயே பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பன்னீர் சோடா வாங்கி வந்து வைத்தேன். அந்தப் பெண் வெயிலில் வரும். வந்தால் ஜில்லென்று கொடுக்கலாம்.

அவள் வந்த அன்று ஜீப் தெருமுனையிலேயே நின்றது. கணக்கைப் பார்த்தாள். "ஒரு நாள் கூட நிக்கலை ஐயா."

"நிறுத்தவே இல்லமா. சேத்துக்கினாங்களா?"

அவள் பெட்டியைக் கழற்றி, ஒயரைச் சுற்றினாள். சுற்றி முடித்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இல்லை ஐயா. ரெண்டு தடவை கேட்டேன். குடும்பம் இருக்கற வீட்டை வெச்சுத்தான் அளவு எடுக்கணுமாம். தனி ஆள் வீடு வேணாம்னுட்டாங்க."

"சரி. அதுக்கு நீ இன்னா பண்ணுவே."

பிளக்கை அவளே திரும்பச் சொருகினாள். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது.

"கொஞ்சம் இரும்மா. உனக்குன்னு சோடா வாங்கி வெச்சிருக்கேன்."

தெருமுனையில் டிரைவர் ஹாரன் அடித்தான். "மானாம்பதியில இன்னும் வீடு பாக்கணும் ஐயா. இன்னொரு நாள் இந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா குடிக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

"பொட்டிய எடுத்துக்கினு பூட்டாங்களா?" என்றாள் பாஞ்சாலி.

"ஆமா."

"வுடுண்ணா. இனிமே மெயினை நிறுத்திட்டு நீ பாட்டுக்குப் போ. கரண்டாவது மிச்சம்."

மறுநாள் காலையில் பூட்டை எடுத்தேன். கை தானாக மெயினுக்குப் போனது. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் சோடா சூடாகிவிடும். கையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.