சைக்கிள் பாதைக்கு நிலச்சாமியின் சம்மதம்

எங்கள் வட்டாரத்தில் சைக்கிள் பாதைக்கு யாரும் எதிரி இல்லை. அந்தப் பழியை யார்மேலும் போடமாட்டேன். எல்லோருக்கும் பாதை வேண்டும். அது அடுத்தவன் கடை வாசலில் வர வேண்டும், அவ்வளவுதான்.

நகராட்சியிலிருந்து சியூ என்ற பொறியாளர் பெண் வந்து, எங்கள் மண்ணைக் காக்கிற நிலச்சாமியின் கோயில் மேசையில் வரைபடத்தை விரித்தாள். வெறும் கோடு போட்டுவிட்டுப் போகிற வேலையில்லை. அரை அடி உயரத்துக்கு கான்கிரீட் தடுப்பு கட்டி, லாரியும் ஸ்கூட்டரும் அந்தப் பக்கம், சைக்கிள் இந்தப் பக்கம் என்று பிரிக்கிற நிஜமான பாதை. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக அவள் காதருகே குனிந்து, தன் வாசலில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விடச் சொன்னார்கள். பழக்கடைக்காரர் சொன்னார், மெக்கானிக் சொன்னார், மருந்துக்கடை ஜியன் இரண்டு தடவை சொன்னான். கேட்ட இடைவெளியையெல்லாம் விட்டுப் பார்த்தால் தடுப்பு கோயில் வாசலில் மட்டும்தான் மிஞ்சியது. அதையும் பார்த்துவிட்டு வட்டாரத் தலைவர் கங், அருமையான திட்டம் என்றார். மனிதர் இதுவரை ஒருத்தரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஜெயிப்பது அதனால்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் குன்மூவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் இழுக்கிறது. ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பது ஒரு மூன்று சக்கர சைக்கிள். மருத்துவமனைக்கும் அதில்தான், ஆற்றங்கரையில் சதுரங்கம் ஆடவும் அதில்தான். போன மாதம் ஒரு ஜல்லி லாரி உரசிக் கைப்பிடிக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. அன்றைக்கே சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். பாதை வந்தால் சாவி, இல்லாவிட்டால் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஆறின சோயாப்பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி முகம் சுருங்கிப்போனது.

நானும் கடைக்காரிதான். ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே முட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு பறக்கிற கூட்டத்தை நம்பித்தான் என் காலை வியாபாரம். போனால் போகட்டும்.

யார் மனசும் நோகக்கூடாது என்று கங் முடிவை நிலச்சாமியிடமே விட்டார். சாமி முன்னால் இரண்டு பிறைக்கட்டைகளை வீச வேண்டும். பிறை வடிவ மரக்கட்டை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைந்த முதுகு. ஒன்று தட்டைப்பக்கம் காட்டி, இன்னொன்று முதுகைக் காட்டினால் சம்மதம். இரண்டும் தட்டையைக் காட்டினால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார். இரண்டும் முதுகைக் காட்டினால் மறுப்பு. தொடர்ந்து மூன்று தடவை சம்மதம் விழுந்தால்தான் செல்லும்.

என் வாசலில் பாதை வரலாமா சாமி என்று ஒவ்வொரு கடைக்காரரும் கேட்டு வீசினார்கள். எத்தனை பேருக்கு மூன்றும் ஒத்து விழும்? சாமி அன்றைக்குச் சிரித்து மாளவில்லை. ஜியன் மட்டும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"நான் என்ன பண்றது பிஜூ அக்கா, சாமியே வேணாங்கறாரு."

ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி எங்கே வேண்டாம் என்றார்? கேட்டவர்கள் கேட்ட விதம் அப்படி. விடிந்ததும் கங்கிடம் போய், கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னேன். என் வாசலில் பாதை இல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்கட்டும். மூன்று சம்மதம் வாங்கினவன் வாசலை விட்டுவிடலாம், மற்ற இடமெல்லாம் கட்டலாம். கங் தலையைச் சொறிந்தார். ஆனால் என்னிடமும் அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

பழக்கடைக்காரர் வீசினார், சாமி சிரித்தார். மெக்கானிக் வீசினார், சாமி மறுத்துவிட்டார். ஜியன் வீசினான், சம்மதம். மறுபடி வீசினான், மறுபடி சம்மதம். ஊர்ச் சாலையோரத்தில் பாதி நீளத்துக்கு நிற்பது அவன் கடை. அங்கே தடுப்பு இல்லாவிட்டால் பாதையே இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்த குன்மூ ஸ்டூலில் உட்கார்ந்தபடி என் ஏப்ரன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை ஜியன் பலங்கொண்ட மட்டும் வீசினான். ஒரு கட்டை காலடியில் தட்டையைக் காட்டி விழுந்தது. இன்னொன்று தரையில் வழுக்கி, படியில் குதித்து, நடுச்சாலைக்குப் போய்விட்டது.

விழுந்த கட்டையை எடுக்கக்கூடாது. கிடக்கிற இடத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஜியன் ஓடிப்போய் ஒரு காலைச் சாலையில் வைத்தான். ஸ்கூட்டர்கள் சீறிக்கொண்டு வந்தன, காலை இழுத்துக்கொண்டான். மறுபடி வைத்தான், மறுபடி இழுத்துக்கொண்டான். பார்த்து ஓட்டினால் இந்தச் சாலை எல்லோருக்கும் போதும் என்று கூட்டத்தில் பேசினவன் இவன்தான். கங் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஊரே சாலையோரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, ஒருத்தரும் இறங்கவில்லை.

அப்புறம் ஒரு ஜல்லி லாரி வந்தது. கட்டை நொறுங்கின சத்தம் கோயில்வரை கேட்டது.

குன்மூ மெல்ல எழுந்து ஜியன் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நீ கால வைக்க பயந்தியே, அதே எடத்துலதான் நான் இந்தக் கால வச்சிக்கிட்டு தெனம் போயிட்டு வந்தேன்."

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கங் எல்லோர் முகத்தையும் பார்த்தார். மூன்று விழவில்லை, இரண்டுதான் என்று பொறியாளர் சியூ சொன்னாள். வழக்கமாக எதற்கும் மல்லுக்கு நிற்கிற ஜியன் சாலையில் கிடந்த சிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஏம்மா, அரை அடி போதுமா? இன்னுங் கொஞ்சம் ஒசத்திக் கட்டக்கூடாதா?"

பாதை வந்துவிட்டது. எங்கேயும் இடைவெளி இல்லை. முதல் நாள் சாவியைக் கையில் கொடுத்ததும் குன்மூ நேரே ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் சதுரங்கத்தில் தோற்றுவிட்டு, கூட ஆடினவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்து இறங்கினார். அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அடுப்படியில் நின்று அழுதேன்.