உப்புப் பார்க்கிறவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோட்டைமேட்டில் யாரைக் கேட்டாலும், 'உம்மல் குல்சுமா? சமோசா நல்லா இருக்கும், வாயைக் கொடுத்துடாதீங்க' என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

ரமலான் பிறந்துவிட்டால் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அந்தப் பக்கம் முட்டை போண்டா, இந்தப் பக்கம் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய கடப்பாசி இனிப்பு, ஐஸ் மிதக்கும் ரோஸ்மில்க், பள்ளிவாசல் வாசலில் கஞ்சிக்குத் தூக்குப் போசியோடு ஒரு வரிசை. நடுவில் என் தள்ளுவண்டி, கறி சமோசா. காந்திபுரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். நோன்பு வைக்காதவர்கள் சுடச்சுட நின்றே தின்பார்கள். நோன்பாளிகள் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் தின்பதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

நோன்பு வைத்த வாயால் நான் உப்புப் பார்க்க மாட்டேன். சமைக்கிறவர்கள் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு துளி உள்ளே போய்விட்டால்?

அதனால் என் கடைக்கு நாக்கு ராசாத்தாள்தான். பக்கத்து வீடு, பிளவுஸ் தைக்கிறவள். கொத்துக்கறி மசாலா வெந்ததும் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். "இன்னுங் கொஞ்சம் போடுங்க்கா" என்றால் போடுவேன். "போதுமுங்க" என்றால் சட்டியை இறக்கிவிடுவேன். அப்புறம் முதல் சமோசா அவளுக்கு. ஊதி ஊதி அவள் தின்கிற அழகைப் பார்த்தால் எனக்கே பாதிப் பசி ஆறிவிடும்.

இந்த வருஷம் என் மனசு என்னிடம் இல்லை. மகள் ரிஃபானாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், இப்போது மூன்றாவது. எட்டாம் மாசம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போத்தனூரில் மாமியார் வீட்டில் படுத்திருக்கிறாள். கை இங்கே மாவைத் தேய்க்கும், நெஞ்சு அங்கே கிடக்கும். போன் அடித்தால் மாவுக் கையோடு ஓடுவேன்.

ராசாத்தாளும் இந்த வருஷம் ஒரு மாதிரியாக இருந்தாள். முதல் சமோசாவைக் கொடுத்தால், "அப்பறமாத் திங்கறேனுங்க்கா" என்று காகிதத்தில் சுற்றிக்கொள்வாள். என்ன கோபமோ என்று நினைத்தேன். கேட்கத்தான் நேரமில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கூட்டம் அதிகம் வரும் என்று கறியை இரண்டு மடங்காகப் போட்டிருந்தேன். ராசாத்தாள் கரண்டியில் மசாலாவை வாங்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பினாள். திரும்பி வந்து, "செரியா இருக்குதுங்க்கா" என்றாள். நான் மடித்தேன், பொரித்தேன், விற்றேன்.

காந்திபுரம் செல்போன் கடை ரவிக்குமார் வருஷா வருஷம் வருகிறவன். ஒரு கடி கடித்துவிட்டு நின்றான்.

"ஏனுங்க்கா, இன்னைக்கு உப்பே போடலீங்களா?"

பக்கத்தில் பொட்டலத்தோடு நின்ற எங்கள் தெரு அக்பர் அலி தொண்டையைச் செருமினார். "நேத்தும் கம்மிதானுங்க. சொல்ல வேண்டாம்னு பாத்தேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மாசக் கடை. ஒரு நாள் பேர் கெட்டால் அந்த வருஷமே போச்சு.

"ஏம்புள்ள, உன்ற நாக்கு செத்துப் போச்சா? உன்னைய நம்பித்தான சட்டிய எறக்கறேன்? மனசில்லீன்னா வராமப் போ! என்ற பேரைக் கெடுக்காத!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் நிறைந்த கண்ணோடு குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

அப்போது நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள்.

பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குத் திரும்பினேன். வண்டிக்குப் பின்னால், குழாயடியில், ராசாத்தாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முதல் மடக்கை வாயிலேயே வைத்திருந்து, மெல்ல இறக்கி, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு. அந்தக் குடி எனக்குத் தெரியும். காலையிலிருந்து காய்ந்த தொண்டைதான் அப்படிக் குடிக்கும். இத்தனை ரமலானும் நான் அப்படித்தான் குடித்திருக்கிறேன்.

"ராசாத்தி, நீ கடைசியா எப்போ தண்ணி குடிச்ச?"

தலையைக் குனிந்துகொண்டாள். "விடியக்காலைலீங்க்கா. சஹருக்கு உங்க ஊட்டு லைட் எரிஞ்சா நானும் எந்திரிச்சு ரெண்டு வாய் தின்னுக்குவேன். ரிஃபானாக் கண்ணுக்காகக் கோனியம்மங்கிட்ட வேண்டிக்கிட்டேனுங்க. மாசம் முழுக்க நோம்பு இருக்கறேன்னு."

"அம்மனுக்கு வேண்டிப்போட்டு அல்லா மாசத்துல பட்டினி கெடக்கறியா?"

"அத அவங்க பாத்துக்குவாங்கங்க்கா."

"அப்ப உப்பு?"

"மோந்து பாத்துத்தான் சொல்லிப்போட்டேனுங்க. நெசத்தச் சொன்னா நீங்க விடுவீங்களா? வாயத் தொறந்து சோத்த ஊட்டிருவீங்க."

ஊட்டியிருப்பேன்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் திட்டியதைத் தெருவே கேட்டதல்லவா, இதையும் பார்க்கட்டும் என்று அவளைக் கட்டிக்கொண்டு ஒரு பேரீச்சம்பழத்தை அவள் வாயில் வைத்தேன். ரவிக்குமார் கையிலிருந்த உப்பில்லாத சமோசாவைச் சத்தமில்லாமல் தின்று முடித்தான்.

நோன்பை விட்டுவிடு என்று அன்றைக்கே கெஞ்சினேன். "வேண்டுனது வேண்டுனதுதானுங்க" என்றுவிட்டாள். மறுநாள் அக்பர் அலி, "நோம்பில்லாத ஆரையாச்சும் உப்புப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ராசாத்தாள் இருக்கும்போது அவள் இடத்தில் வேறொரு நாக்கை வைக்க எனக்கு மனசில்லை.

மசாலா வெந்தது. நான் கரண்டியை எடுத்து ஒரு துளியை நுனி நாக்கில் வைத்தேன். பார்த்தேன். துப்பினேன். வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். ராசாத்தாள் பதறிப்போனாள்.

"அக்கா! உள்ள போயிருச்சுன்னா உங்க நோம்பு?"

"போகாது. உன்ற நோம்பு முறியக் கூடாது, அவ்வளவுதான். உப்புப் பத்தல, எடு புள்ள."

அவள் உப்பு ஜாடியை நீட்டினாள். போட்டேன். முதல் சமோசா பொன்னிறமாக மேலே வந்தது. அதை எடுத்து எங்களுக்காகத் தட்டில் வைத்தேன். பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.