அடையத் தெரியாத கோழிகள்

பொழுது சாய்ந்தால் கோழி தானாகவே கூட்டுக்குள் போய் அடைந்துவிடும் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். கூட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கொல்லையில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். எட்டுக் கோழிகளும் மண்ணில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு காலை எடுத்து வைப்பதற்கே அவற்றுக்கு ஆயிரம் யோசனை. கம்பியின்மேல் நின்றே வளர்ந்த கால்கள். தேய்வதற்கு மண் கிடைக்காமல் நகமெல்லாம் கொக்கிபோல் வளைந்து கிடந்தது. கழுத்திலும் முதுகிலும் இறகு இல்லை. கொண்டை வெளுத்துத் துவண்டு ஒரு கண்ணை மறைத்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அளவு எடுத்துட்டு வா, வெட்டின துணி மிச்சம் நெறைய கெடக்கு. ஆளுக்கொரு ரவிக்கை தச்சுத் தரேன். கண்கொண்டு பாக்க முடியல" என்றாள்.

"கை வச்சதா, கை இல்லாததா?" என்று கேட்டாள் சின்னவள்.

இருட்டத் தொடங்கியதும் கோழிகள் முதன்முதலாக ஒன்றாக நடந்தன. கூட்டுக்குள் அல்ல. மதிலும் கூட்டின் பலகையும் சேரும் மூலைக்குப் போய்த் தலையை நுழைத்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கிழிந்த தலையணையை அமுக்கிவைத்தது போலக் குவிந்துவிட்டன. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டாள். உள்ளேயும் மூலையைத் தேடி அதே குவியல். சரி, இதுதான் இவற்றின் தூக்கம்போல, குளிருக்கு ஒட்டிக்கொள்கின்றன என்று நினைத்து, மேலே ஒரு சாக்கையும் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தாள். காலையில் சாக்கை எடுத்தபோது அடியில் இருந்த ஒன்று சப்பையாகச் செத்துக் கிடந்தது.

பதினாறு வருஷம் முட்டைப் பண்ணையில் வேலை பார்த்தவள். தீவனம் கொட்டியிருக்கிறாள், முட்டை பொறுக்கியிருக்கிறாள், செத்ததைக் கூண்டிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் ஒரு கோழி தூங்கி அவள் பார்த்ததில்லை. அவள் போகும்போதே கொட்டகையில் விளக்கு எரியும், திரும்பும்போதும் எரியும். நடுவில் கொஞ்ச நேரம் அணைப்பார்களாம். அதைப் பார்த்தவன் வாட்ச்மேன் ஒருவன்தான். செத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றபோது இது அவளுக்கு உறைத்தது. கன்னத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் குழி தோண்டும்போது மண்வெட்டி தேவைக்குமேல் ஆழமாக இறங்கியது.

கோழிகள் வந்ததும் ஒரு பொய்யில்தான். பண்ணையில் முட்டை குறைந்துபோன பழைய கோழித் தொகுதியைக் காலி செய்த அன்று லாரி நிரம்பிவிட்டது. கடைசி வரிசையில் சில கூண்டுகள் மிஞ்சின. மேஸ்திரி வாயில் குச்சியை மென்றுகொண்டே, அதையெல்லாம் கழுத்தைத் திருகிக் குழியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், புதுக் குஞ்சு வளர்ந்து வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சின்னவள் ஒரு கூண்டைத் திறந்து கையை உள்ளே விட்டாள். விட்ட கை வெளியே வரவில்லை. எங்க மாமா கறிக்கடை வச்சிருக்காரு, அவருக்கு எடுத்துட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டாள். மேஸ்திரிக்கு ஒரு வேலை மிச்சம்.

மாமா என்றால் அக்கா புருஷன். நிஜமாகவே கறிக்கடைக்காரர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் சின்னவள் ஒரு பையோடு வந்து நின்ற அன்று, எதுவும் கேட்காமல் பின்னறையில் இருந்த தன் சாமானையெல்லாம் தூக்கி வெளியே வைத்தவர். அதை இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அவர் கணக்கு நேர்கோடு. செத்த கோழியைப் பார்த்ததும் கடைக்குக்கூட ஆகாமல் போச்சே என்றார். அன்று மாலையே ஒயர் இழுத்துக் கூட்டுக்குள் ஒரு பல்பு மாட்டினார். வெளிச்சம் இருந்தால் கோழி ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, முட்டையும் விழும் என்றார். சொன்ன இரண்டும் நடந்தன. மறுநாள் காலையில் அக்கா ஒரு முட்டையை முந்தானையில் ஏந்திக்கொண்டு தையல்காரி வரைக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

சின்னவள்தான் அன்றிரவு எழுந்துபோய்ப் பலகை இடுக்கில் பார்த்தாள். ஏழும் நின்றன. படுக்க இடம் இருந்தது, உட்காரச் சட்டம் அடித்திருந்தாள், கீழே உமி பரப்பியிருந்தாள். அவை கம்பி வலைப்பக்கம் வரிசையாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அலகை வலைக்கு வெளியே நீட்டியபடி, கண்ணை விரித்துக்கொண்டு நின்றன. தீவனத் தொட்டி வரும் என்று நின்றன. எத்தனை ஆயிரம் முறை இந்த வரிசைக்கு முன்னால் அவள் நடந்திருப்பாள். பண்ணையை ஏழு பங்காகப் பிய்த்து வீட்டுக்கே தூக்கி வந்தது போல இருந்தது. போய் விளக்கை அணைத்தாள். உடனே மூலையில் தடதடவென்று குவியும் சத்தம். ஓடிவந்து பிரித்துவிட்டாள். மறுபடி குவிந்தன. விடியும்வரை பிரித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மாமா விளக்கைப் போட்டார், இவள் அணைத்தாள். அவர் போட, இவள் அணைக்க, அடுப்படிச் சுவரில் இருந்த ஸ்விட்சுக்கே வெறுத்துப்போயிருக்கும்.

ஒருநாள் மத்தியானம், கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமலே பேசினார்.

"கோழி வளக்கிறது முட்டைக்கு. இல்லன்னா கறிக்கு. மூணாவதா ஒண்ணு இருந்தா சொல்லு, கேட்டுக்கறேன்."

"தூங்கறதுக்கு" என்றாள் சின்னவள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் அதைத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் விழுங்கினாள்.

"சரி. இன்னைக்கு விளக்க அணைச்சுக்க. காலைல ஒண்ணு செத்துக் கெடந்தாலும் ஏழையும் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"ஒண்ணு செத்தா ஆறுதான் மாமா மிச்சம்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார். சொன்னால் செய்கிற ஆள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அணைத்தால் யாராவது போடுவார்கள். அதனால் பல்பையே கழற்றிவந்து அக்கா கையில் கொடுத்தாள். "பாத்ரூம்ல மாட்டிக்க. எத்தனை நாளா இருட்டுல குளிக்கிற" என்றாள்.

மாலையில் கூட்டுக்குள் குனிந்து நுழைந்து, அவை குவிகிற மூலையில் முதுகை முட்டுக் கொடுத்து, காலை நீட்டித் தானே உட்கார்ந்துகொண்டாள். மூலை இருந்தால்தானே குவிவாய், இப்போது குவி பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள். வெளிச்சம் மங்கியதும் முதல் கோழி வந்து அவள் வயிற்றில் முட்டியது. அவள் கை தன் போக்கில் அதன் கால்களைத் தேடிப் போனது. பண்ணையில் அப்படித்தான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் கோழி அடங்கிவிடும். சமாதானமாகிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள். இந்தச் சில நாள் மடியில் வைத்துப் பழகியபின் அது பயத்தில் விறைப்பது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டு, இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அணைத்துத் தூக்கினாள். சட்டத்தின்மேல் வைத்தாள். பொம்மைபோல் முன்னால் சாய்ந்து விழுந்தது. மறுபடி வைத்தாள். விரல்கள் மரத்தைப் பிடிக்கவில்லை, வழுக்கின. சனியனே, கால் எதற்கு இருக்கிறது உனக்கு என்று திட்டிக்கொண்டே முதுகை லேசாகக் கீழே அமுக்கினாள். முழங்கால் மடங்கியது. மடங்கியதும் விரல்கள் தாமாகச் சுருண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டன. யாரும் சொல்லித்தராமல் அந்த இறகில்லாத உடம்புக்குள் இது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அவள் கையை எடுத்தாள். கோழி விழவில்லை.

அடுத்தது, அதற்கடுத்தது. வைத்தவற்றில் பாதி இறங்கி வந்தன. அடுப்படி ஜன்னல் வெளிச்சம் வலை வழியாக விழுந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கமே போய் வரிசைகட்டி நின்றன. அக்கா கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவரு செஞ்சிடுவாருடி. எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்புதான்க்கா."

"முட்டை போட்டா என்ன கொறஞ்சு போயிடும் உனக்கு?"

"போடட்டும். தூங்கி எந்திரிச்சு, போடணும்னு இருந்தாப் போடட்டும். அடுப்படி லைட்ட அணைக்கா."

"அவரு சாப்பிட்டுட்டு இருக்காரு."

"அணை."

அக்கா உள்ளே போனாள். சின்னவள் வலைப்பக்கம் நின்ற ஒன்றைத் தூக்கி வைத்தாள், அது இறங்கியது, மறுபடி வைத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. திடீரென்று அடுப்படி மட்டுமல்ல, முழு வீடும் இருண்டது. உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"என்னாச்சு?"

"கரண்டு போயிடுச்சுங்க" என்றாள் அக்கா.

"தையல்காரி வீட்டுல எரியுது. மிஷின் ஓடற சத்தம் கேக்குது."

"அவங்க லைன் வேறங்க."

சின்னவள் புறங்கையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லாத அக்கா, மெயின் ஸ்விட்சுக்குக் கீழே ஸ்டூலில் ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்தது போல இருந்தது.

இப்போது இருட்டு முழுசாக இருந்தது. கண்ணுக்கு வேலையில்லை. உட்கார்ந்தபடியே கையால் சட்டத்தைத் தடவிக்கொண்டே போனாள். ஒரு முதுகு, சூடு. இன்னொன்று. ஒன்று முனகியது, ஒன்று நகர்ந்து இடம் விட்டது. ஆறு இருந்தன. ஏழாவதைத் தரையில் துழாவினாள். உமிதான் கையில் வந்தது. வாசல் பலகையைத் தொட்டுப் பார்த்தாள், சாத்தித்தான் இருந்தது. அப்போது அவள் நீட்டியிருந்த காலின்மேல், முழங்காலுக்குக் கீழே, எதுவோ ஏறியது. ஒருமுறை தடுமாறியது. இறங்கப் போனது, இறங்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கூட்டருகே நின்றது.

"எல்லாம் ஏறிடுச்சா?"

"ஆறு ஏறிடுச்சு. ஒண்ணு என் கால்மேல நிக்குது."

"அதையும் தூக்கி வச்சிட்டு எந்திரிச்சு வா. சோறு ஆறுது."

"வர மாட்டேன். அது தானா ஏறியிருக்கு மாமா."

அவர் சட்டைப் பையில் துழாவும் சத்தம் கேட்டது, தீப்பெட்டிக்குள் குச்சிகள் குலுங்கின.

"உரசாதீங்க" என்றாள் சின்னவள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அவள் இதுவரை எடுத்திராத குரலில் சொன்னாள்.

உரசும் சத்தம் வரவில்லை. செருப்பு திரும்பிப் போகும் சத்தமும் வரவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் தையல் மிஷின் ஓடி நின்றது. கால் கணுவரை மரத்துப்போய், அது தன் கால்தானா என்றே தெரியவில்லை. அதன்மேல் கோழி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிறகு முழங்காலை மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கனத்தை இறக்கத் தொடங்கியது.