வெயில் பட்டா

பூவரசந்துறைப் பேரூராட்சியில் கத்திரி தொடங்கிய மறுநாள் காலையிலிருந்து பட்டா இல்லாத இடங்களில் வெயில் விழுவது நின்றுபோனது. முக்கூடலுக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஊர் அது. ஜவுளிக்கடை மீரா முகைதீனின் மொட்டை மாடியில் அன்றும் கால் வைக்க முடியாத சூடு இருந்தது. அவர் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினால் மார்கழி விடியற்காலையின் குளுமை. தெரு புறம்போக்கு. பஸ் ஸ்டாண்டும் பள்ளிக்கூட மைதானமும் ஆறும் புறம்போக்கு. அங்கெல்லாம் வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை. இரண்டும் சேருமிடம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்ததால், நடுவிலிருந்த புறம்போக்குப் பாதையின் எல்லைத் தகராறில் வெகுநாளாகப் பேசாமலிருந்த ஓர் அண்ணன் தம்பி அதைப் பார்த்து வேலியைச் சரிசெய்துகொண்டு ராசியானார்கள்.

காரணம் ஒரு துணைக்கால். சோலார் கம்பெனிக்காரர்கள் ஊருக்குள் வந்து மாடி மாடியாக ஏறி இறங்கிய பிறகுதான், பழைய நிலப் பயன்பாட்டு விதியில் குடியிருப்பு, வயல், கடைவீதி என்ற மூன்று பிரிவைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது மன்றத்துக்கு உறைத்தது. ஒருவன் சேமிப்பையெல்லாம் கொட்டி பேனல் போட்ட பின் பக்கத்து வீட்டுக்காரன் இன்னொரு மாடி எழுப்பி அதன்மேல் நிழலைத் தள்ளினால் யாரிடம் போய் அழுவது? ஆகவே ஊரை வெயில் பகுதி, நிழல் பகுதி என்று பிரித்தார்கள். வெயில் பகுதியில் பேனல் போடலாம், வீட்டை உயர்த்தக் கூடாது. நிழல் பகுதியில் பேனல் கிடையாது, வீட்டை எவ்வளவும் உயர்த்தலாம். 'வெயில் பட்ட நிலங்கள் தவிர ஏனையவை நிழல் பகுதியாகக் கருதப்படும்' என்பது மன்றம் ஒப்புக்கொண்ட வாசகம். எழுத்தர் அருணாசலம் ஆயுசு முழுக்கப் பட்டா, பட்டா என்று தட்டிய மனிதர். பழகின விரல் ஒரு துணைக்காலைக் கூடப் போட்டுவிட்டது. 'வெயில் பட்டா நிலங்கள் தவிர' என்று அச்சாகி, தலைவர் இசக்கிச்செல்வி கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஊரில் யாரும் அதைப் படிக்கவில்லை. வெயில் மட்டும் படித்துப் பார்த்து அதன்படி நடந்துகொண்டது.

உள்ளதைச் சொன்னால் ஊருக்கு இது பிடித்துப்போயிற்று. திருநெல்வேலிச் சீமையில் சித்திரை மாதம் நட்டநடு மத்தியானம் செருப்பில்லாமல் ரோட்டில் நடக்க முடியும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? பஸ் ஸ்டாண்டில் நன்னாரி சர்பத் விற்றவர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு சுக்குக் காப்பிக்கு மாறினார். பக்கத்து ஊர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் ரோட்டோரத்தில் படுத்து எழுந்து போனார்கள். பட்டா நிலத்தில் வெயில் குறையவில்லை என்பதால் கம்பெனிக்கும் மனக்குறை இல்லை. விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டபோது, வெயில் தொடர்பான பொருள் இவ்வலுவலகத்தைச் சேர்ந்ததன்று என்று பதில் வந்தது. அதோடு கோப்பை மூடிவிட்டார்கள்.

நின்றுபோன அந்த வெயிலை நம்பி வயிறு கழுவிய ஒரே ஆள் அலிமா பீவி. ஆற்றங்கரைத் தெருவுக்கு மொத்தமாகப் பட்டா கொடுத்த வருடம் அளக்க வந்தவர்கள் வந்த நேரத்தில் அவர் பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்குப் போயிருந்தார். பூட்டிய வீட்டை அளக்க மாட்டோம் என்று போனவர்கள் திரும்ப வரவேயில்லை. அந்த வீட்டு முற்றத்தில்தான் அவர் சீனியவரைக்காயும் மிதுக்கங்காயும் மோர் மிளகாயும் காயப்போட்டு, திருநெல்வேலி டவுன் கடைகளுக்கு வத்தல் அனுப்பிவந்தார். இப்போது நான்கு பக்கமும் வெயில் கொளுத்த, அவர் முற்றம் மட்டும் மூடிய குடைக்குள் இருப்பதுபோல் இருந்தது. பாயில் பரப்பிய காய் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமை தெரிய அலிமா பீவியாக இருக்க வேண்டும்.

பட்ட காலிலே படும் என்பதும் உண்மைதான். கம்பெனிக்குப் பேட்டரிகள் வைக்கக் குளுமையான ஓர் இடம் தேவைப்பட்டது. ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அலிமா பீவியின் வீட்டைப்போல் தோதான இடம் வேறில்லை. பட்டாவும் கிடையாது, வெயிலும் கிடையாது. கங்கைகொண்டான் போகும் சாலையில் கட்டியிருந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு தருகிறோம், இந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றம் தாக்கீது கொடுத்தது. சவுதியில் வேலை பார்த்த அவருடைய கணவர் சேக் முகம்மதுவும் தம்மாமிலிருந்து போனில் அதையேதான் சொன்னார்.

"சர்க்காரோட மல்லுக்கட்ட நம்மால ஏலுமா அலிமா? குடுக்கத வாங்கிட்டு பைய ஒதுங்கிரு."

"நீங்க அங்கன கெடந்து சம்பாரிச்சு ஒவ்வொரு செங்கலா வச்ச வீடு. அதப் போயி பேட்டரிக்கு விடச் சொல்லுதியளா?" என்றார் அலிமா பீவி.

ஊரில் அந்த அறிவிப்பை முதன்முதலாக முழுக்கப் படித்தவர் அவர்தான். படித்துவிட்டு நேராக அருணாசலத்தின் மேஜைக்குப் போய் எழுத்தைச் சுட்டிக் காட்டினார். அருணாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, "ஆமா, கால் ஒண்ணு கூடத்தான் நிக்கி" என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், தப்பை மறைக்கத் தெரியாது. அடுத்த கூட்டத்திலேயே துணைக்காலை எடுத்து, 'வெயில் பட்ட நிலங்கள் தவிர' என்று திருத்தித் தீர்மானம் போட்டார்கள். மறுநாள் அலிமா பீவி விடியலிலேயே பாயை விரித்து வைத்துக் காத்திருந்தார். வெயில் வரவில்லை. விதி இப்போது சரியாகத்தான் இருந்தது. வெயில் பட்ட நிலத்தில் வெயில் விழும். அவர் நிலத்தில் அப்போது வெயில் படவில்லை, ஆகவே விழாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது கதையில்லை.

ஆனி மாதக் கூட்டத்துக்கு அவர் மறுபடி போனார். இசக்கிச்செல்வி அந்தத் தெருவிலேயே பீடி சுற்றி வளர்ந்து தலைவரானவர். அலிமா பீவி மேல் அவருக்குப் பிரியம் உண்டு. ஆனால் கம்பெனிக்காரர்கள் வாசலில் காரை நிறுத்தியிருந்தார்கள், நிழல் ரோட்டை இழக்க உறுப்பினர்களுக்கும் மனமில்லை. முன்பு அங்கே வெயில் பட்டது என்பதற்கு என்ன சாட்சி என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஊரறிந்த சங்கதிக்குச் சாட்சி கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. பழைய படம் உண்டா என்றார்கள். முற்றத்தை யார் படமெடுத்து வைக்கப் போகிறார்கள்?

அலிமா பீவி வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கறுத்துக் கிடந்த கையில், வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்த கோடாகத் தெரிந்தது.

"இது நிலாவுல காய்ஞ்ச கையா, தலைவரம்மா?"

இசக்கிச்செல்வி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அருணாசலத்தைத் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, நெலத்துக்குச் சாட்சி இல்ல, ஆளுக்கு இருக்குல்லா? அப்பம் ஆளுக்கே எழுதிரும்" என்றார். அருணாசலம் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: 'வெயில் பட்ட ஆட்கள் இருக்கும் இடம் தவிர ஏனையவை நிழல் பகுதியாகக் கருதப்படும்.' எதிர்த்துப் பேச நினைத்தவர்கள், தலைவர் அந்தக் கையை இன்னும் விடாமல் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்கள்.

அன்றுமுதல் பூவரசந்துறையில் வெயில் நிலத்தை விட்டு ஆட்களோடு போகத் தொடங்கியது. அதுவரை பட்ட வெயிலுக்குத் தக்கபடி ஒவ்வொருவருக்கும் அளவு இருந்தது. வயலில் நடவு நடுகிற பெண்களோடு ஒரு செய் நிலத்தளவு வெயில் போயிற்று, பயிருக்குக் குறைவில்லை. தபால்காரருக்கு இரண்டு கட்டில் அகலம். வீட்டுக்குள்ளேயே சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிய இசக்கிச்செல்விக்கு அந்தச் சுளகளவு. அருணாசலத்துக்கு வழுக்கைத் தலையில் ஒரு ரூபாய்க் காசளவு விழுந்தது. அதற்கே அவர் குடை வாங்கினார். பொழுது சாய்ந்தால் எல்லாருக்கும் ஒரே இருட்டுதான். அலிமா பீவிக்கு அவர் முற்றம் நிறைய வெயில் கிடைத்தது. அடைமழைக் காலத்திலும் அது மாறவில்லை. வத்தல் முன்னைவிட மொறுமொறுப்பாக வந்தது. கடைக்குள் மின்விசிறிக்கடியிலேயே காலம் கழித்த மீரா முகைதீனின் மாடியில் பேனல்கள் சும்மா கிடந்தன. அவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டதன்பேரில், அலிமா பீவி சில நாள் அவர் மாடியிலும் போய்ப் பாயை விரித்தார். கம்பெனியும் சித்தாள் வேலை பார்த்த பெண்களைப் பேனல்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சம்பளத்துக்கு வைத்தது. உட்காரக் கூரை வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயம்தான் என்பதால் அதையும் போட்டுக் கொடுத்தார்கள். பேட்டரிகளைக் கம்பெனி ஆபீசிலேயே வைத்துக்கொண்டார்கள்; ஊரிலேயே குளுமையான இடம் அப்போது அதுதான். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

நான்காம் வருடம் கார்த்திகையில் சேக் முகம்மது வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பினார். விதி மாறிய பிறகு அவர் வருவது அதுதான் முதல்முறை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்த கார் ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் வெயில் அடித்தது. சுளகளவு, கட்டிலளவு வெயிலைப் பார்த்துப் பழகியிருந்த ஊர் அது. இந்த வெயிலோ கடைவீதியை நிறைத்து, ஆற்றைத் தாண்டி அக்கரைத் தென்னந்தோப்பு வரை போயிற்று. எல்லா மாடியிலும் பேனல்கள் ஒன்றாக வேலை செய்தன. காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் மழையில் ஆடினார்கள். பெரியவர்கள் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, இவ்வளவு வெயில் கொண்டுவருகிற ஆள் யார் என்று வாசலுக்கு வந்தார்கள். நரைத்துப்போய், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, கூச்சத்தோடு இறங்கினார் சேக் முகம்மது.

அலிமா பீவி அவரைப் பார்க்கவில்லை. அக்கரையில் தென்னைமரங்கள் மின்னுவதைத்தான் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏசி ரூம்ல இருந்து கணக்கெழுதுத வேலைன்னுல்லா சொன்னிய?"

"மொத ரெண்டு மாசம் அப்படித்தான் இருந்துச்சு. பொறவு ரோடு போடுததுக்கு மாத்திட்டாங்க" என்றார் அவர். "சொன்னா நீ வெசனப்படுவ."

அலிமா பீவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருபது வருடத்துக்குமேல் அனுப்பிய ஒவ்வொரு செங்கலும் எப்படி வந்தது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தெரு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சேக் முகம்மது என்ன செய்வதென்று தெரியாமல் பையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

ஊருக்கு அவர் வரவு பெரிய லாபம். சும்மா தெருவில் நடந்துபோனாலே போதும் என்று கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். ஆனால் அவருக்குப் பகலில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மற்றவர்களின் வெயில் கூரையோடு நின்றது; அவருடையது எந்த அறையில் படுத்தாலும் ஓட்டையும் சுவரையும் மீறி உள்ளே வந்தது. முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். அலிமா பீவி ஜன்னலுக்குக் கம்பளி கட்டிப் பார்த்தார், கம்பளி சுட்டது. நான்காம் நாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், தன் வீட்டில் ஓர் அறையை மட்டும் நிழல் பகுதி என்று எழுதித் தரும்படி கேட்டார்.

அருணாசலம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "வெயிலு வேணும்னு இதே எடத்துல வந்து நின்ன ஆளுல்லா நீங்க?"

"எனக்கு இன்னும் வேணும் அண்ணாச்சி. அவியளுக்குப் போதும்."

மன்றம் அதைப் பற்றி விவாதிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆட்சேபிக்க வந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. 'ஆற்றங்கரைத் தெரு, சேக் முகம்மது வீடு, தெற்கு அறை நீங்கலாக' என்று நிலப் பயன்பாட்டு விதியில் சேர்ந்த அந்த வரி இன்றுவரை அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை விதிகளைத் திருத்தியபோதும் யாரும் அதில் கை வைக்கவில்லை. தீர்மானம் ஒட்டப்பட்ட அன்று காலை சேக் முகம்மது தெற்கு அறையில் போய்ப் படுத்து, மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தூங்கினார். அலிமா பீவி முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, சத்தம் கேட்காமல் சீனியவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார்.