அச்சிட்டவர் பெயர்

மாடியில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் மூச்சடைத்துப் போனவர். கீழே அச்சகத்தில் நீலாம்பாள் அவருடைய மரண அறிவிப்பைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். மேல்பாதி பர்மியம், கீழ்ப்பாதி தமிழ். இன்சீன் பேட்டைக் கோயிலிலும் தெருமுனைகளிலும் ஒட்ட ஐம்பது தாள் போதும். கடைசி வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டாள்.

அந்த வரி இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். அச்சிட்டவர் பெயர், லைசென்ஸ் எண். இருபத்திரண்டு வருடமாக இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள் நீலாம்பாள். வரியில் இருப்பதோ தம்பி கார்த்திகேசன் பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற அவனுக்குத் தாளை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையோ காலண்டரோ, அவன் பெயரை அவள் கையாலேயே போட வேண்டும். போடும்போதெல்லாம் வயிறு எரியும். அப்பா சாவிலுமா?

கார்த்திகேசன் ஈரக் கைலியோடு இறங்கி வந்து திரையைப் பார்த்தான்.

"அக்கா, கீழ் வரியக் காணோமே."

"உன் பேரு இல்லாட்டி அப்பா போய்ச் சேர மாட்டாராக்கும்?"

"வார்டு ஆபீஸ்ல கேப்பாங்க."

"கேக்கட்டும். அவருக்கு எப்பவும் நீதானே செல்லம். லைசென்ஸயும் உனக்குத்தானே எடுத்தாரு."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"போன வருஷம் ஒரு நோட்டீஸுக்காக என்னை மூணு நாள் உள்ள வச்சாங்கல்ல. அத அடிச்சது யாரு?"

அடித்தது அவள்தான்.

"வெளிய வந்ததும் அப்பாகிட்ட கேட்டேன், ஏன் என் பேருன்னு. 'ஏதாச்சும் ஒண்ணுன்னா பேரு இருக்கிறவனத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நீலாவ எப்படி அனுப்புறது'ன்னாரு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னை அனுப்பலாம். செல்லம் நீதான்க்கா. எனக்கு உன் மேல எவ்வளவு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா?"

மாடியிலிருந்து யாரோ மகனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

நீலாம்பாள் கடைசி வரியைத் தட்டினாள். அச்சிட்டவர்: நீலாம்பாள். எண் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள்.

"வேணாம்க்கா. கேட்டா என்ன செய்வ?"

"கூட்டிட்டுப் போனா நானே போறேன்."

அவன் கையை நீட்டுவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள். ஐம்பது தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கார்த்திகேசன் ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, பசை வாளியை எடுத்துக்கொண்டான்.