குடித்துக் காட்டும் வேலை

மனித குலத்தைப் பீடித்த அத்தனை நோய்களுக்கும் கே.கே. நகரில், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் முடிவு கட்டப்பட்டிருந்தது. முடிவின் பெயர் வெள்ளி நீர். சர்க்கரையோ மூட்டுவலியோ, காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி. மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மட்டும் மூன்று நாளாக ஓடவில்லை. ஒச்சாயி கீழிருந்து குடத்தில் சுமந்துகொண்டிருந்தாள்.

சுமப்பது அவள் வேலையல்ல. குடிப்பதுதான் வேலை. தினமும் பதினொரு மணிக்கும் ஐந்து மணிக்கும் கூட்டம். முதலாளி ராஜகுரு பேசி முடித்ததும் அவள் மேடையேறி ஒரு டம்ளர் வெள்ளி நீரைக் குடித்துக் காட்ட வேண்டும். மூன்று வருடமாகக் காட்டுகிறாள்.

போன வருடம் நகக்கண் நீலமானது. பிறகு ஈறு. பிறகு முகம், நனைந்த சிலேட்டின் நிறத்துக்கு வந்தது. கவுண்டரில் இருக்கும் திவ்யா, "லைட்டுக்கு நேரா நிக்காதீங்கக்கா" என்று பவுடர் வாங்கிக் கொடுத்தாள். திங்கட்கிழமை வாடிப்பட்டி பஸ்ஸில் அவளைப் பார்த்த கண்டக்டர், மாரடைப்பு என்று நினைத்து பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். நர்ஸ் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"வெள்ளிதாம்மா தோல்ல படிஞ்சிருக்கு. இந்தக் கலரு இனிமே போகாது."

"சோப்பு ஏதும் போட்டா..."

"போகாது. குடிக்கிறத நிப்பாட்டுங்க. விரல் மரத்துப்போகுதுங்கிறீங்க, கிட்னியையும் பாக்கணும். பாட்டில்ல என்ன இருக்கு, எம்புட்டு நாளாக் குடிச்சீங்கன்னு கம்பெனியில எழுதி வாங்கிட்டு வாங்க. அத வச்சுத்தான் நான் சர்டிபிகேட் தர முடியும். அது இல்லாம நஷ்டஈடு கேக்க முடியாது."

ராஜகுரு தன் அறையில் அதைப் பொறுமையாகக் கேட்டார்.

"வெள்ளி இருக்குன்னு எழுதினா கேசு வரும். இல்லைன்னு எழுதினா கூட்டம் வராது. நான் எத எழுத?"

"உள்ளத எழுதுங்க சார்."

இப்படி ஒரு யோசனையை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"நீ வரும்போதே கருப்புதான ஒச்சாயி?"

"கருப்பா வந்தேன் சார். நீலமாப் போறேன்."

"சரி சரி. அஞ்சு மணிக் கூட்டத்துல குடி. கையோட எழுதித் தாரேன்."

ஐந்து மணிக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. வெள்ளி உடம்பில் சந்திரனை இறக்கும் என்று ராஜகுரு மைக்கில் விளக்கினார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கை தூக்கினார்.

"ஏந்தம்பி, அந்தம்மா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பிறவியிலேயே அப்படிங்கய்யா. நம்ம தண்ணியாலதான் இன்னைக்கு உசுரோட நிக்கிறாங்க."

கைதட்டினார்கள். ஒச்சாயி டம்ளரை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் அவரிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு மடக்கு குடிங்க சார். மிச்சத்த நான் குடிக்கிறேன்."

மைக் அதையும் சேர்த்து ஒலிபரப்பியது. நாற்காலிகள் கிரீச்சிடுவது நின்றது.

"எனக்கு இன்னைக்கு விரதம்மா. பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது" என்றார் ராஜகுரு. இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் சட்டைப்பையைத் தட்டினார். மடித்த தாளின் நுனி வெளியே தெரிந்தது.

ஒச்சாயி அந்த நுனியைப் பார்த்தபடியே டம்ளரைக் காலி செய்தாள். அன்று நாற்பது பாட்டில் போனது.

கீழே பஸ் ஸ்டாப்பில், அவர் கொடுத்த தாளைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். கம்பெனி முத்திரையுடன் ஒரே வரி: 'மேற்படி ஒச்சாயி எங்களிடம் அருந்தியது தண்ணீர்.'

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது. இன்னும் காயவில்லை.